இல்லீங்க... ஆனா

போன செவ்வாய்க்கிழமை மதுக்கரை டவுன் பஸ்ஸில் சரோஜாம்மாவைப் பார்த்தேன். எங்கள் பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றுகிறவர். நான் அங்கே பர்சனல் ஆபீசர்; ஆட்களின் குறைகளைக் கேட்கிற வேலை. முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவரை, "சரோஜாம்மா!" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது, அவரைத் தவிர.

என் மேல் கோபமோ? பர்சனல் ஆபீசருக்கு வேறென்ன தோன்றும்!

எங்கள் கம்பெனியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுப்போம். கடைசிக் கேள்வி: 'வேலை செய்யும் இடத்தில் ஏதேனும் குறை உண்டா?' ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். 'குறை ஒண்ணுமில்லீங்க. ஆனா ஃபேன் சுத்துது, காத்துதான் வர்றதில்லீங்க.' 'இல்லீங்க. ஆனா சாம்பார்ல பருப்பைத் தேட வேண்டியிருக்குதுங்க.' சரோஜாம்மாவின் 'ஆனா' பக்கத்தின் ஓரத்தில் ஏறி, தாளின் பின்பக்கம் வரை போகும்.

கேட்டவர் மனசு நோகக் கூடாதே! எடுத்த எடுப்பில் 'ஆமாம், குறை இருக்கிறது' என்று எங்கள் ஊர்க்காரர் யாராவது சொல்வாரா? 'இல்லீங்க' என்பது முன்னுரை. விஷயம் அப்புறம்தான் வரும். அதைப் படித்துத்தான் ஃபேனை மாற்றினோம். சாம்பாரில் பருப்பும் கொஞ்சம் தென்பட்டது.

போன வருஷம் கம்பெனிக்குள் கேபிள் இழுத்துக் கம்ப்யூட்டர்களை இணைத்தார்கள். நான் கம்ப்யூட்டர் பைத்தியம் என்பது வாரா வாரம் இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியாதா? இனி கேள்வித்தாளும் ஆன்லைன்தான் என்று அறிவித்தேன். கான்டீன் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தோம். புரோகிராம் எழுதியவர் பழைய தாள்களைப் புரட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க சார், இந்த 'இல்லீங்க ஆனா'வை எந்தக் கட்டத்துலீங்க போடறது? ஆமாவா, இல்லையா?"

"ஆனாவைத் தூக்கிப்போடுங்க. ரெண்டே கட்டம் போதும்" என்றேன்.

சொன்னது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

முதல் முறையே பிரமாதமான ரிசல்ட். ஒருவருக்கும் குறை இல்லை! ஒரே பக்கத்தில் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். முதலாளி என் முதுகில் தட்டினார். ஆறு மாதம் கழித்து மறுபடியும் அதே ரிசல்ட். எனக்குச் சந்தேகமே வரவில்லை... வந்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் எழுந்து போய் சரோஜாம்மாவின் வலது பக்கத்தில் நின்று தோளைத் தொட்டேன். பளிச்சென்று சிரித்து, இடது பக்கத்துக் காலி சீட்டைக் காட்டினார்.

"வாங்க சார்! இந்தப் பக்கமா வந்து பேசுங்க. அந்தக் காது கேக்கறதில்லீங்க. பஸ் சத்தத்துல இந்தக் காதுலயும் சரியா விழறதில்லீங்க."

"என்னங்க ஆச்சு?"

"தகடு வெட்டற பிரஸ் மெஷினைப் போன வருசம் எங்களுக்குப் பக்கத்துல கொண்டாந்து வெச்சீங்கல்ல... அந்தச் சத்தத்துல காதுக்குள்ள 'கொய்ங்'குனே இருந்துச்சுங்க. இப்ப அதுவும் இல்லீங்க. டாக்டரு, இனித் திரும்பாதுன்னுட்டாரு. முன்னாடியே இடத்தை மாத்தியிருந்தா தப்பிச்சிருக்குமாமுங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க?"

"கம்ப்யூட்டர்ல கேட்டீங்களே சார்! ரெண்டு தடவையும் 'இல்லை'யை அமுத்திப்போட்டு, அதுக்கப்புறம் 'ஆனா'ன்னு எழுதலாமுன்னு எடம் தேடினனுங்க. அதுக்குள்ள 'நன்றி'ன்னு வந்துபோட்டுதுங்க."

அந்த 'நன்றி'யைப் போடச் சொன்னதும் நான்தான். மரியாதையாக இருக்கட்டும் என்று.

மறுநாளே அவரை வேறு பிரிவுக்கு மாற்றினோம். பிரஸ்ஸும் தனி ஷெட்டுக்குப் போகிறது. கேள்வித்தாள் மறுபடி காகிதத்துக்கே வந்துவிட்டது. இத்தனையும் செய்து என்ன? போன காது போனதுதான். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "மன்னிச்சுக்குங்க" என்றேன். மறந்துபோய் அந்த வலது காதுப் பக்கமே சொல்லிவிட்டேன்.

"என்னங்க சார்?" என்று திரும்பினார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

ஆனா...