பஞ்சுவின் புண்கள்

அவர் பல்செட் செய்து கொடுப்பவர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, கடைவீதி மாடியறையில் பல் பல்லாகக் கோத்துக்கொண்டிருப்பார். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். அடுத்தவர் குடித்த டம்ளரைக் கழுவித் தந்தாலும் தொடமாட்டார். "ஊரார் வாய்க்குள்ள போறதைச் செய்ற மனுஷனுக்கு இவ்வளவு அருவருப்பா!" என்று மனைவி கிண்டல் செய்வாள்.

இப்பேர்ப்பட்டவர் தலையில்தான் பஞ்சு வந்து விழுந்தது. அது தங்கையின் நாய். கல்யாணமாகி வெளிநாடு போனவள், "ரெண்டே மாசம்ண்ணா, அப்புறம் நான் கூட்டிக்கிறேன்" என்று விட்டுப் போனாள். அதற்குள் நாயின் வயிற்றில் கொப்புளங்கள் கிளம்பின. உடையும், சீழ் வடியும், ஆறும். ஆறிய கையோடு வேறிடத்தில் முளைக்கும். வெள்ளை ரோமமெல்லாம் கொத்துக்கொத்தாக உதிர்ந்துபோயிற்று. நாற்றமோ, அழுகின வெங்காயத்தை ஈரச் சாக்கில் கட்டி வைத்தாற்போல.

கால்நடை டாக்டர் ரத்தம் எடுத்தார், தோலைச் சுரண்டிப் பார்த்தார், மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார். கடைசியில் கையை விரித்துவிட்டார்.

"என்ன வியாதின்னு எனக்கே பிடிபடலை சார். தினம் கழுவி மருந்து போடுங்க. அடங்கும், திரும்பவும் வரும். ஆனா நல்லா சாப்பிடுது, வாலாட்டுது பாருங்க."

மனைவிக்கு ஆஸ்துமா, நாயின் கிட்டேயே போகமுடியாது. ஆகவே கழுவுவது இவர் பாடு.

முதல் நாளே ஒரு கொப்புளம் உடைந்து முழங்கைவரை தெறித்தது. குளியலறையிலேயே வாந்தியெடுத்தார். பஞ்சு அதை ஆசையாக நக்கப் போனது. அதைப் பார்த்து இன்னொரு தடவை எடுத்தார்.

"சனியனே, உனக்கு வேற எதுவும் கிடைக்கலையா?"

அன்று முதல் மூக்கில் துணி கட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, திட்டித் தீர்த்தபடியே கழுவினார். போகப்போகப் பழகிவிடும் என்றார்கள். பழகவே இல்லை. சோற்றில் கை வைத்தால் அந்த வாடை வரும், பாதியில் எழுந்துவிடுவார்.

தங்கை வீடியோவில் கூப்பிட்டு, "என் தங்கமே, செல்லக்குட்டி" என்று போனுக்கே முத்தம் கொடுப்பாள். மூன்றாம் வருஷம் ஒருவழியாக நேரில் வந்தாள். குரல் கேட்டதுமே பஞ்சு கத்திக்கொண்டு ஓடிவந்து அவள் மேல் தாவியது. அவள் காலால் தள்ளிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயே! என்னண்ணா இது? பார்க்கவே குமட்டுது. ஒரு ஊசியைப் போட்டு முடிச்சிருக்கலாமே!"

நாயின் மேல் பட்ட செருப்பு நுனியை கால்மிதியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிற்றைப் புரட்டியது. வாந்தியெடுத்த அந்த முதல் நாள்கூட அப்படிப் புரட்டியதில்லை.

"எனக்கு தினமும்தான் குமட்டுது. அதுக்காகக் கொன்னுடறதா? நீ கிளம்பும்மா."

அவள் முகம் சிவந்து ஹோட்டலில் போய்த் தங்கினாள். பஞ்சு வாசலைப் பார்த்து முனகிக்கொண்டே கிடந்தது. இப்போதும் அவள் போனில் நாயைக் காட்டச் சொல்லிக் கொஞ்சுகிறாள். "வேலையிருக்கு" என்று இவர் வைத்துவிடுகிறார்.