ஊரணியில் முங்கியவர்

தொண்ணூறுகளில் நெற்குப்பை என்ற ஊரில் வேலை பார்த்தபோது காலையில் ஊரணிக்குக் குளிக்கப் போவேன். அங்கே மெலிந்த மனிதர் ஒருவர் தன் சின்ன மகளுக்கு நீச்சல் பழக்க வருவார். சட்டையை மடித்து அவள் மடியில் வைத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவார். எவ்வளவு கெஞ்சினாலும் அவள் படியை விட்டு அசைய மாட்டாள்.

ஒருநாள் படிக்குப் பக்கத்திலேயே, "ஐயோ!" என்று கத்திக்கொண்டு அவர் முங்கிப்போனார். மேலே வரவேயில்லை. நான் பாய்வதற்குள், "அப்பா!" என்று அலறியபடி குழந்தை குதித்துவிட்டாள். சட்டென எழுந்து அவளைத் தாங்கிக்கொண்டார்.

நான் அவரிடம் சத்தம் போட்டேன். "பச்சப்புள்ளகிட்ட இப்படியா விளையாடுவீக?"

"விளையாட்டு இல்லங்க. இவ அக்கா இந்தத் தண்ணியிலதான் செத்துப்போனா."

கழுத்தைக் கட்டியிருந்த பிஞ்சுக் கைகளை விலக்கி, அவளை மறுபடி நீரில் விட்டார். அவள் அழுதுகொண்டே காலை உதைத்தாள். அவரைத் திட்டவும் முடியாமல், நின்று பார்க்கவும் முடியாமல் ஈரத்துணியோடு கரையேறினேன்.