உடம்பு அண்ணனுக்கு, இறக்கை தம்பிக்கு

ஈஸ்வரபாண்டியை ஒருக்களித்துப் புரட்டி, முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள் பூமாரி. வாதம் விழுந்த நாளிலிருந்து மாமனாருக்கு எல்லாமே அவள்தான். அவர் முதுகில் ஒரு புண் வரவில்லை. அவள் இடுப்புதான் விட்டுப்போயிருந்தது. குளியலறை கொல்லைக் கோடியில் இருந்தது. அவர் அறையை ஒட்டியே ஒன்று கட்டிவிடலாம். ஆனால் அந்த இடத்தில் விமானம் கிடந்தது.

சின்னமனூரில் அந்த வீட்டுக்கே விமானத்து வீடு என்றுதான் பெயர். விமானப்படை கழித்துப்போட்ட பழைய பயிற்சி விமானம். இறக்கை கிடையாது, வெறும் உடம்பு.

பழைய விமானங்களைச் சேர்த்துவைக்கும் சூரியபிரகாஷ் கோயம்புத்தூரிலிருந்து வந்து பார்த்தார்.

"எடுத்துக்கிறேன்மா. ஆனா ஏர்ஃபோர்ஸ்ல இருந்து உங்க வீடு வரைக்கும் யார் யார் கை மாறுச்சுன்னு தெரியணும். நடுவுல ஒருத்தர் விட்டுப்போனாலும் நான் தொட முடியாது."

பக்கத்து வீட்டு ஜக்கம்மாவை மாமனாருக்குத் துணை வைத்துவிட்டு, பூமாரி பஸ் ஏறி அலைந்தாள். ஏலத்தில் எடுத்தவர் மதுரையில் பழைய இரும்பு வியாபாரி. அவர் மகன் ஆமாம் என்றார். அவரிடம் வாங்கிய போடிக்காரர், வீரபாண்டித் திருவிழாவில் விமானத்தை நிறுத்தி, பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்துப் படம் எடுத்தவர்; அவர் மகள் ஜெபஷீலாவும் ஆமாம் என்றாள். போடிக்காரர் தொழிலை விட்டபோது வாங்கியவர் ஈஸ்வரபாண்டியின் அப்பா. தீர்ந்தது என்று வீட்டுக்கு வந்து காலை நீட்டினாள்.

"தீரல ஆத்தா. பாகம் பிரிச்சப்ப உடம்பு எனக்கு, இறக்கை தம்பிக்கு. அவனும் ஆமான்னு சொல்லணும்" என்றார் ஈஸ்வரபாண்டி, கோணிய வாயால்.

"ஆட்டுக்கறியா மாமா கூறு போட?"

"பெரிய மனுசங்க பேசி முடிச்சாக."

குச்சனூரில் தம்பி சுருளிவேலின் மாட்டுக்கொட்டகைக்கு அந்த இறக்கைகள்தான் கூரை. அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசிப் பல வருஷம். பூமாரி அங்கே போய் இறக்கையையும் கேட்டபோது அவர் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உடம்பு வேணும்னு அன்னைக்கே கேட்டேன். மூத்தவருன்னு அவருக்குக் குடுத்தாக. இப்ப இறக்கையும் போகணுமாக்கும்? தரமாட்டேன்."

பூமாரி சாணித் தரை என்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"இம்புட்டு அலைச்சல் எதுக்குத்தா?"

"குளிக்கிற ரூம் கட்ட, சின்ன மாமா. உங்க அண்ணனத் தூக்கித் தூக்கி இடுப்பு செத்துப்போச்சு. எனக்கு எடந்தான் வேணும். உடம்பையும் நீங்களே கொண்டுபோங்க."

சுருளிவேல் மாட்டை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "அவரு விடுவாரா?"

அன்று சாயங்காலம் கஞ்சி புகட்டும்போது மாமனாரிடம் கேட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார். கரண்டியை ஏந்தியபடியே காத்திருந்தாள்.

"அவன் நேர்ல வந்து கேக்கணும்."

"வருவாக. வந்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுத்துறாதீக. மறுபடி திருப்பிப் போட என்னால ஆகாது."

மறுநாள் காலையில் சுருளிவேல் டிராக்டரோடு வந்தார். அறை வாசலிலேயே நின்றார்.

"எடுத்துக்கிறேண்ணே."

"பாத்து எடு. செவுத்துல இடிக்கும்."

"சும்மா நிக்காம அந்தத் தோளப் பிடிங்க சின்ன மாமா" என்றாள் பூமாரி. இருவருமாக ஈஸ்வரபாண்டியைக் கொல்லைக்குத் தூக்கிப்போய்க் குளிப்பாட்டிக் கொண்டுவந்தார்கள். பிறகுதான் விமானத்தை டிரெய்லரில் ஏற்றவிட்டாள். சூரியபிரகாஷுக்கு போன் போட்டு, இனிமேல் எதுவானாலும் குச்சனூரில் கேட்டுக்கொள்ளச் சொன்னாள்.

டிராக்டர் தெருவைத் தாண்டும் முன்பே, காலியான இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டாள். இனி ஒரு சக்கர நாற்காலி வாங்கினால் இடிக்காமல் நுழைகிற அளவுக்கு வாசலை அகலமாக விட்டாள்.