பொன்னம்மாள் வீட்டு இரண்டு மாப்பிள்ளைகள்

கார்த்திகேசனுக்கு ஒரு சீனாக்காரன் மேல் பொறாமை. அந்த ஆள் நிஜத்தில் இருந்தால்கூடப் பரவாயில்லை, கதையில் வருகிறவன். வயது ஆயிரத்து இருநூறு. பார்க்க இருபத்தைந்துதானாம்.

பாடியில் ஒரு பழைய தொழிற்சாலையில் எனக்கும் கார்த்திகேசனுக்கும் ஒரே ஷிப்ட். அவன் செய்யாறு பக்கத்துக்காரன். மனைவி ரேவதி ஒரே பெண், மாமனார் இல்லை, நிலமெல்லாம் பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. மாமியார் தனியாக இருக்கிறாரே என்று கல்யாணமான கையோடு வெள்ளானூரில் அவர் வீட்டிலேயே போய்த் தங்கினான். ரெண்டு மாசம் இருந்து பார்க்கலாம் என்று போனவனுக்குப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. வீட்டோடு மாப்பிள்ளைக்குத் தெருவில் என்ன மரியாதை என்று நான் சொல்லவேண்டியதில்லை. வீட்டுக்குள் அதுவும் கிடையாது. மாமியார் பொன்னம்மாள் அவனை ஒருநாளும் 'மாப்ள' என்று கூப்பிட்டதில்லை. இந்தாப்பா, தண்ணி கேன் எடுத்துகினு வா. இந்தாப்பா, மாடில துணி காயுது பாரு. அவ்வளவுதான் அவன் பெயர்.

ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் வரும்போது, தமிழில் வாசித்துக் காட்டும் ஒரு சீனத் தொடர்கதையைப் போனில் கேட்டான். மலையில் ஆயிரம் வருஷம் தவம் செய்து சாவையே ஜெயித்த ஒருவன், ஏதோ சபதத்துக்காகச் சக்தியை மறைத்துக்கொண்டு, இந்தக் காலத்துப் பெரிய நகரத்தில் ஒரு பணக்காரக் குடும்பத்துக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வருகிறான். விரலை அசைத்தால் பாடி மேம்பாலம் மாதிரி ஒன்று தூள்தூளாகும். ஆனால் மாமியார் காரைக் கழுவிக்கொண்டு நிற்கிறான், அவளும் வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள். கார்த்திகேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேதான் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தான். பொன்னம்மாள் இதைக் கேட்டால் தன் யோக்கியதை தனக்கே தெரிந்து திருந்துவாள் என்று, ஒரு ஸ்பீக்கர் வாங்கி, சாயங்காலம் அவள் காய் நறுக்கும் இடத்தில் வைத்துக் கதையை ஓடவிட்டான்.

பொன்னம்மாள் கேட்டாள். அழுதாள். "தங்கம் மாரி கீற புள்ளைய கார் கழுவ வெக்கிறாளே, அவ நல்லா இருப்பாளா?" என்று கதை மாமியாரைத் திட்டித் தீர்த்தாள். அதே மூச்சில், "இந்தாப்பா, டேங்க் ரொம்பி வழியுது, மோட்டார ஆஃப் பண்ணு" என்றாள்.

சீனப் பெயர் வாயில் நுழையாததால் அவனுக்கு 'எம்புள்ள' என்றே பெயர் வைத்துவிட்டாள். எம்புள்ள இன்னிக்கு சாப்புடல. எம்புள்ளைய அடிச்சிட்டானுங்க. இப்படியே இருநூறு எபிசோட் போனது. கார்த்திகேசனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"அவன் சபதம் மூணே வருசம் மச்சான். அதுக்கே இந்தம்மா இவ்ளோ பீலிங். அவனுக்குப் பசியே எடுக்காதாம், அவன் சாப்புடலன்னு அழுவுது. நான் டூட்டி முடிச்சி வந்தா, சாப்ட்டியான்னு ஒரு வார்த்த கெடையாது" என்று மெஷின் பக்கத்தில் நின்று புலம்புவான். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் அடித்துவிடுவான் போலிருந்ததால் அடக்கிக்கொள்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் பொறுமை போய்விட்டது. கதையில் அன்றைக்கு சீனாக்காரன் தான் யாரென்று காட்டப்போகிறான். பொன்னம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அந்த மாமியாகாரிக்கு கண்ணு அவிஞ்சா பூட்ச்சி? கூடவே கீறவன் எப்பேர்ப்பட்டவன்னு தெரியாதா?"

கார்த்திகேசன் பாய்ந்துபோய் ஸ்பீக்கரை நிறுத்தினான். "பதினோரு வருசமா நானும் இந்த ஊட்டுலதான் கீறேன் அத்தே. எனக்காக ஒரு நாளாவது அழுதிருக்கீங்களா?"

பொன்னம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். எரிந்து விழுவாள் என்று எதிர்பார்த்தான். விழவில்லை.

"அவன் மனசுக்குள்ள இன்னா நெனைக்கிறான்னு ஒருத்தன் எனக்குப் படிச்சிக் காட்றான்பா, அதான் அழுவுறேன். நீ வாயத் தொறந்து இன்னா சொன்னே? சொன்ன வேலைய செய்யிற, மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு போற. எனக்கு எப்டி தெரியும்? இப்ப சொல்லு, கேக்கறேன்."

கார்த்திகேசன் வாயைத் திறந்தான். இத்தனை வருஷமாக மனசுக்குள் பேசிப் பார்த்த வசனம் ஒன்றுகூட வரவில்லை.

"எனக்கு உப்புமா புடிக்காது" என்றான்.

"வாரத்துக்கு நாலு நாளு துன்னியேப்பா!"

"போட்டீங்க. துன்னேன்."

பொன்னம்மாள் வாய்மேல் கையை வைத்துக்கொண்டாள். "அப்பறம்? வேற இன்னா புடிக்கல? எல்லாத்தையும் சொல்லு."

'உங்களைத்தான்' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்ததாம். சொல்லாமல் வெளியே போய்விட்டான். திங்கட்கிழமை டீ நேரத்தில் இதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தை ஏன்டா விட்டாய் என்றேன்.

"பொய் சொல்லச் சொல்றியா?" என்றான் கார்த்திகேசன். "புடிக்காதவங்களா இருந்தா, அவங்க எவனுக்காக அழுதா எனக்கு இன்னா மச்சான்?"