சும்மா இருக்கச் சொன்ன அண்ணன்

இந்த ஜெர்மன் ஊர் டிராமில் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. கண்டக்டரே கிடையாது. ஆனாலும் எல்லோரும் வாங்குகிறார்கள். என் பக்கத்து வீட்டு ஹெல்கா சர்ச் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள், அவளும் வாங்குகிறாள். பத்துக் கட்டளைகளைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கும் ஆரணிக் குடும்பத்தில் பிறந்த நானோ, வந்த புதிதில் இரண்டு வாரம் ஓசியில்தான் போனேன்.

அந்தக் கண்ணாடிக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் என் அண்ணன் பட்டுப்புடவை விற்கிறார். அப்பா அம்மா போன பிறகு எனக்கு ஊர் என்றால் அவர் வீடுதான். இங்குள்ள தமிழ்ச் சபைப் பெண்கள் கிறிஸ்துமசுக்குக் கைத்தறிப் புடவை கேட்டார்கள் என்று அவரிடமே சொல்லி வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்துப் புடவைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். கையால் நெய்தால் எங்காவது ஓர் இழை பிசகும். இவற்றில் ஒரு பிசகுகூட இல்லை. தறிவீட்டில் பிறந்தவளிடம் பவர்லூமை மறைக்க முடியுமா? போன் போட்டேன்.

"இன்னாண்ணா, டேக்ல கைத்தறின்னு போட்டு அனுப்பிச்சிருக்கே?"

"அங்க இருக்கிறவங்களுக்கு இன்னா தெரியும்? பொய்யா சொல்லச் சொன்னேன்? சும்மா இருன்றேன்."

"கைத்தறின்னு நான் சொல்லி வெச்சிருக்கேனே, அது பொய்ச்சாட்சி இல்லியா?"

"ஓஹோ, ஜெர்மனி போயி பாஸ்டர் ஆயிட்டியா? வாயத் தொறந்தீன்னா, கிறிஸ்துமசுக்கு என் வீட்டு வாசப்படி மிதிக்காத."

அதற்குள் சபைப் பெண்கள் வீட்டுக்கே வந்து ஆளுக்கொரு புடவை வாங்கிப் போய்விட்டார்கள். மூன்று நாள் ஜெபித்தேன். போனால் போகட்டும், சும்மா இரு என்று கர்த்தர் சொல்லிவிடுவார் என்று நப்பாசை. அவர் அசையவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

உண்மைக்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். ஜன்னல் திரைக்கென்று ஒரு புடவை வாங்கியிருந்த ஹெல்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னால், "மெஷினா? அப்போ உறுதியாக இருக்கும்!" என்று மகிழ்கிறாள். எங்கள் சபையின் செய்யார் ஸ்டெல்லா அக்காவோ பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "ஏம்மா, நீ சொல்லாம இருந்திருந்தா கைத்தறின்னு கட்டிகினு சந்தோஷமா இருந்திருப்போம். இப்ப பேஜார் பண்ணிட்டியே!" சபையில் ஒருவர் விடாமல் திருப்பிக் கொடுத்தார்கள். பெட்டி ஆரணிக்குத் திரும்பியது. அண்ணன் என் போனை எடுப்பதில்லை. அழுகையாக வருகிறது.

ஊருக்கு விமான டிக்கெட் முன்பே போட்டாகிவிட்டது. வெட்கத்தை விட்டு நேற்று ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுக்குப் போன் செய்தேன்.

"ரூம் இருக்குதுங்க. ஆனா லோக்கல் ஆளுங்களுக்குக் குடுக்கிறதில்லைங்க. நீங்க எந்த ஊரு?"

இதற்கும் உண்மையைத்தான் சொல்லவேண்டும். ஆரணி என்றால் பொய்யா, ஜெர்மனி என்றால் பொய்யா என்று தெரியாமல் போனைப் பிடித்தபடி நின்றேன்.

"மேடம், எந்த ஊருன்னுதானே கேட்டேன்?" என்றார் அவர்.