நாமா, நாங்களா

என் அக்கா ‘நாம’ என்றோ ‘நாங்க’ என்றோ சொல்வதற்கு முன் ஒரு கணம் நிறுத்துவாள். அந்தக் கணத்தில் அவள் கண் அறையை ஒரு சுற்று சுற்றி, யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரும். பிறகுதான் சொல் வெளியே வரும். சாப்பிட உட்காரும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தால், ஒப்புக்காவது “வாங்க, நாம சாப்பிடலாம்” என்பதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். அக்கா யோசித்து, எண்ணிப் பார்த்து, “நாங்க சாப்பிடப் போறோம்” என்பாள். பக்கத்து வீட்டுக்காரியின் முகம் சுருங்கிவிடும். அக்கா அதைக் கவனிக்க மாட்டாள். சரியான சொல்லைச் சொல்லிவிட்ட நிம்மதியில் தட்டை எடுக்கப் போவாள். இருபத்திரண்டு வருடமாக இதைப் பார்த்திருக்கிறேன்.

அது வேலையிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். நெட்டையர்களோடு பேசும் அறையில் அவளுக்கு வேலை.

நெட்டையர்கள் வானத்திலிருந்து கப்பல்களில் வந்தது எங்கள் அம்மா பிறப்பதற்கு முன்பு. வெளிக்காற்று கெட்டு, நகரத்துக்கு மேல் கூரை போட்ட காலம். இரண்டு ஆள் உயரம், நான்கு மெல்லிய கால்கள், கழுத்தில் தொங்கும் ஒரு பை. காற்றுக்கூடத்தைக் கட்டியவர்கள் அவர்கள்தான். கூடத்தின் வடிகட்டிகளில் படிகிற கரும்பொடிதான் அவர்களுக்கு உணவு. நாம் சுரண்டிக் கொடுப்போம், அவர்கள் காற்றைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். கூடத்தின் உட்பகுதியில் கொதிக்கிற சூட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். அதற்குள் நம்மால் போக முடியாது.

அவர்கள் பேச்சு சொடக்குச் சத்தம். அதைத் தமிழாக்கித் தர ஒரு மொழிப்பெட்டி இருந்தது. நன்றாகவே வேலை செய்தது. ஒரே ஒரு இடத்தில்தான் அதற்குத் தடுமாற்றம். நான், நாம், நாங்கள் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரே சொல்தான். ‘இங்கிருக்கும் உடல்கள்’ என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். தனியாக நிற்கிற நெட்டையனும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வான். அந்தச் சொல் வருகிற இடத்தில் பெட்டி கோடு போட்டு விட்டுவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதை நிரப்ப வேண்டும்.

அக்காவுக்கு முன்னால் அங்கே உட்கார்ந்தவர்கள் தோன்றியதை நிரப்பினார்கள். ஒருநாள் “____ உள்ளே போகிறோம், அங்கே நன்றாக இருக்கிறது” என்று வந்தது. உட்கார்ந்திருந்தவர் ‘நாம்’ என்று போட்டுவிட்டார். அழைக்கிறார்கள் என்று நினைத்துச் சுரண்டும் ஆட்கள் பதினோரு பேர் உள்ளே போனார்கள். சூட்டில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த ஒரு சொல்லுக்கென்றே தனி ஆள் வைத்தார்கள். மேசையில் இரண்டு பொத்தான். இடது பக்கம் நாம், வலது பக்கம் நாங்கள். தெருவில் அக்காவுக்குப் பெயரே ‘நாமக்கா’ என்றாகிவிட்டது.

“நாமக்கா, எங்களுக்கு நாமம் போட்டுடாதீங்க” என்று ரொட்டிக் கடைக்காரர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

அக்கா எப்படிக் கண்டுபிடித்தாள் என்றால், கழுத்துப் பையை வைத்துத்தான். அந்தச் சொல்லைச் சொல்லும்போது பை இறுகினால் நாங்கள். தளர்ந்தால் நாம். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தவறு கிடையாது.

எனக்கு இதெல்லாம் தெரிந்ததற்குக் காரணம், அந்த அறையின் தரையைத் துடைக்கிற வேலை எனக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துச் சூட்டால் இந்தப் பக்கம் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். மனிதர்களோடு பேசுவது எனக்குச் சிரமம். துடைப்பத்தோடு ஓரமாக இருப்பது வசதியாக இருந்தது.

அக்காவின் கணவரும் காற்றுக்கூடத்தில்தான் வேலை பார்த்தார். பத்தொன்பது வருடம் வடிகட்டி சுரண்டினார். பொடி அவர் நெஞ்சில் இறங்கிவிட்டது. மூச்சின் பலத்தை அளக்க விரலில் மாட்டுகிற கருவியில் நல்ல உடம்புக்குத் தொண்ணூறு காட்டும். மாமாவுக்கு அறுபத்திரண்டு காட்டியது. “பொடியே இல்லாத காற்றுல வச்சா தானாத் தேறிடுவார்” என்றார் மருத்துவர். “அப்படி ஒரு இடம் இருந்தா எனக்கும் சொல்லுங்க” என்றார் மாமா. மருத்துவரும் இருமிக்கொண்டுதான் இருந்தார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஒரு காலையில் நெட்டையர்களில் மூத்தவர் கண்ணாடிக்கு வந்தார். அக்கா அவரைக் கிழவர் என்பாள். அவர் சொன்னது பெட்டியில் இப்படி வந்தது:

“கூடம் தேய்ந்துவிட்டது. இனி ஓடாது. புது இடத்தில் காற்று நன்றாக இருக்கிறது. ____ போகிறோம். இடம் போதும். கப்பலின் கதவு ஒன்பது நாள் திறந்திருக்கும்.”

அக்காவின் கை மேசைக்கு மேலே அப்படியே நின்றது. நானும் துடைப்பதை நிறுத்தினேன். கிழவரின் பை இறுகவும் இல்லை, முழுக்கத் தளரவும் இல்லை. வயதான தோல். இடையில் கண்ணாடி முழுக்க ஆவி.

அக்கா பெட்டி வழியாகக் கேட்டாள். “மனிதர்களும் உண்டா?”

கிழவர் சொன்ன பதிலுக்கும் பெட்டி கோடுதான் போட்டது. அதே ‘இங்கிருக்கும் உடல்கள்’.

“நான் உண்டா?” என்று கேட்டாள். பெட்டி ‘நான்’ என்பதை அவர்களுடைய அதே சொல்லால் மாற்றிவிட்டது. இங்கிருக்கும் உடல்கள் இங்கிருக்கும் உடல்களா என்று ஒருத்தி கேட்டால் யார்தான் என்ன சொல்வார்கள். கிழவர் ஆமாம் என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். அதற்குப் பின் கண்ணாடிக்கு யாரும் வரவில்லை.

மேலதிகாரி ஓடிவந்தார். வரிகளைப் படித்தார்.

“எதும்மா?”

“தெரியல சார்.”

“தெரியலன்னு பொத்தான் கிடையாதேம்மா.”

“பை சரியாத் தெரியல சார். ரெண்டையும் போட்டு அறிவிச்சிடலாமா?”

“ரெண்டையும் போட்டா ஊர் ரெண்டாப் பிரிஞ்சு அடிச்சுக்கும். அப்புறம் உங்களுக்கு எதுக்கு நாற்காலி? நாளைக்கு மதியத்துக்குள்ள சொல்லுங்க.”

மற்ற நகரங்களைக் கேட்கலாம் என்றால், கம்பித் தொடர்பு மாதத்தில் ஒருநாள்தான். அந்த நாள் போன வாரமே முடிந்திருந்தது.

சாயங்காலம் நாங்கள் வீட்டுக்குப் போனபோது விஷயம் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். ரொட்டிக் கடைக்காரர் அன்றைக்கு நாமம் என்று ஒன்றும் சொல்லவில்லை. “பார்த்துச் செய்யுங்க நாமக்கா. எனக்கு மூணு பிள்ளைங்க” என்றார்.

மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “என்னை யோசிச்சு ஒண்ணும் பண்ணாதே. உன் வேலை, உன் விரல்” என்றார்.

“சரிங்க” என்றாள் அக்கா.

நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

“இடம் போதும்னு அவங்களே சொன்னாங்களாமே?”

அக்கா அடுக்களைக்குள் போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

மறுநாள் காலையிலிருந்து அவள் கிழவர் பேசிய காட்சியின் பதிவைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். நாற்பது தடவைக்கு மேல் இருக்கும். அறையில் நாங்கள் இருவர்தான். பதினொன்றரை மணி இருக்கும்போது அவள் விரல் இடது பொத்தான் மேல் போய் நின்றது. அழுத்தவில்லை. சும்மா வைத்திருந்தாள்.

“ஏண்டி, நீயும்தானே இங்க நின்னுட்டு இருந்த. பை தளர்ந்துதா?”

எனக்குத் தளர்ந்த மாதிரிதான் தெரிந்தது. நான் நின்ற மூலையில் ஆவி குறைவு. அப்போதுதான் அந்தப் பக்கக் கண்ணாடியைத் துடைத்திருந்தேன். ஆனால் ஊர் முழுக்கக் காத்திருக்கிற ஒரு சொல்லில் தரை துடைக்கிறவள் எப்படி வாய் வைப்பது என்று நினைத்தேன்.

“எனக்கென்னக்கா தெரியும்” என்றேன்.

அவள் பொத்தானைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “நாமன்னு போடணும்னு எனக்கு அவ்வளவு ஆசையா இருக்குடி. அவர் அங்க போய் நல்லா மூச்சு விட்டு, படி ஏறி இறங்குற மாதிரி எல்லாம் தோணுது. அதான் பயமா இருக்கு. இந்த ஆசையோட பார்த்தா எந்தப் பையும் தளர்ந்த மாதிரிதான் தெரியும். அந்தப் பதினோரு பேரை அனுப்பினவனும் ஏதோ ஆசையிலதான் அனுப்பியிருப்பான்.”

அவள் கையை எடுத்து மடியில் துடைத்துக்கொண்டாள். வலது பொத்தானை அழுத்தினாள்.

“நாங்கள் போகிறோம்” என்று எல்லாத் தெருவிலும் அறிவித்தார்கள்.

கப்பலின் கதவுக்கு முன்னால் கயிறு கட்டிக் காவல் போட்டார்கள். ஒன்பது நாளும் நெட்டையர்கள் சாமான்களோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். கதவருகில் எப்போதும் ஒருவர் நின்று, கழுத்தை நீட்டி எங்கள் பக்கமே பார்த்தார். விடைபெறுகிறார்கள் என்று நினைத்து ஜனங்கள் கையசைத்தார்கள். சிலர் அழவும் செய்தார்கள். மாமாவைத் தள்ளுநாற்காலியில் வைத்து அக்கா கொண்டுபோனாள். அவரும் கையசைத்தார். கடைசி நாள் கிழவர் கயிறு வரைக்கும் வந்து, முன்வரிசை ஆட்களின் உயரத்துக்குக் குனிந்தார். அந்தச் சொல்லை ஒரு தடவை சொன்னார். பெட்டி அறையில் இருந்ததால் முன்னால் நின்றவர்களுக்குப் புரியவில்லை. அக்கா கூட்டத்தின் பின்னால் நின்றாள், முன்னால் இருந்த தலைகள் அவர் பையை மறைத்தன. கிழவர் திரும்பிப் போனார். கதவு மூடியது.

இரண்டு வாரம் கழித்துக் கம்பித் தொடர்பு வந்தது. தூரத்து நகரம் ஒன்றில் வேறு மொழி பேசுகிறார்கள். அவர்கள் மொழியில் நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல்தானாம். அதனால் பெட்டி அங்கே கோடு போடவில்லை. யாரும் எதையும் நிரப்பவில்லை. அந்த ஊர் நெட்டையர்களும் சொன்ன இதே செய்தியைக் கேட்டதும் போகலாம் என்றும் கூடாது என்றும் சண்டை போட்டிருக்கிறார்கள். சண்டை முடிவதற்குள் கொஞ்சம் பேர் அங்கிருந்த கப்பலின் கதவருகில் போய் நின்றிருக்கிறார்கள். நெட்டையர்கள் ஒதுங்கி வழிவிட்டிருக்கிறார்கள். நாலாயிரம் பேர் ஏறிவிட்டார்கள். உள்ளே குளிர்ச்சியான ஒரு தளம் தனியாக இருந்ததாம். அதில் மனிதர் உட்காரும் உயரத்துக்குப் பெஞ்சுகள் வரிசையாகப் போட்டிருந்ததாம். நம் ஊரிலிருந்து போன கப்பலும் அதே மாதிரிதானாம். கப்பல் திரும்பி வர வேண்டுமென்றால் அறுபது வருடம் ஆகும் என்றார்கள்.

அன்றைக்கு எங்கள் வாசலுக்கு வந்தவர்கள் யாரும் உள்ளே வரவில்லை. “மொத்த ஊருக்கும் நாமம் போட்டுட்டாளே” என்று ஒரு பெண் குரல் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரி என்றுதான் நினைக்கிறேன். ரொட்டிக் கடைக்காரர் கத்தவில்லை. கடைசிப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா வெளியே போய்ப் படியில் நின்றாள். அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, எல்லோரும் போன பிறகு உள்ளே வந்தாள்.

விசாரணை வைத்தார்கள். விதிப்படி நடந்திருக்கிறாள் என்று எழுதி, அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்த அறையைப் பூட்டியதால் எனக்கும் வேலை போனது. அக்கா விசாரணையில் தன் ஆசையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மூலையில் நின்றவளை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

மாமா நான்கு நாள் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தார். ஐந்தாம் நாள் அக்கா அவர் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“அந்தப் பெஞ்சுக்குச் சாய்மானம் இருந்துதாமா?”

“இருந்துதாம்.”

“நினைச்சேன்” என்றார். பிறகு, “நீ தப்பாப் பண்ணலடி. நானா இருந்தா ஆசையில அழுத்தியிருப்பேன். அவ்வளவுதான்” என்றார்.

அவள் அவர் காலை விடவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பை எனக்குத் தளர்ந்த மாதிரி தெரிந்தது என்பதை அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு ஆறுதலா, இன்னொரு அடியா என்று தெரியவில்லை. இரண்டு வருடமாகத் தினமும் சொல்ல நினைத்து விட்டுவிடுகிறேன்.

கூடத்தை நடத்தத் தெரிந்தவர்கள் இல்லாமல் நம் ஆட்களே ஏதோ ஓட்டுகிறார்கள். இப்போது தெருவுக்கு இரண்டு வேளைதான் காற்று வருகிறது. ரொட்டிக் கடை மூடிவிட்டது. அக்கா சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள், அங்கே அவளிடம் யாரும் பேசுவதில்லை. மாமாவுக்கு இன்று காலை நாற்பத்தொன்று காட்டியது. முப்பத்தைந்துக்குக் கீழே போனால், அவர் மூக்குக்குக் காற்று தள்ளுகிற கால்துருத்தியாலும் பயனில்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். காலையில் அக்கா துருத்தி மிதிக்கிறாள், அவள் வேலைக்குப் போன பிறகு நான் மிதிக்கிறேன்.