பொம்மர் வந்த பாட்டு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று உரும்பிராயில் என் கடையைத் தெரியாதவர் இல்லை. பாலர் பாடசாலை ஆசிரியை, பிள்ளைகள் பயப்படாத யுத்தப் பாட்டு ஒன்று கேட்டார். படித்தவர்களே திணறுவார்கள், நான் ஒரே மூச்சில் கட்டினேன்.

குண்டு போடும் விமானத்தை நாங்கள் பொம்மர் என்போம். அது போட்ட குண்டில் என் தம்பி சிதறிப்போனான். பனை உச்சி வட்டுக்குள் சிக்கிய அவன் கையை நானே ஏறி எடுத்தேன். பாட்டிலோ, "பொம்மர் வந்தது, தம்பி நித்திரை கொண்டான்" என்று மட்டும் வைத்தேன்.

பாலர் பாடசாலையில் வாசித்துக் காட்டியதும் ஒரு சிறுமி கேட்டாள். "தாத்தா, பொம்மர் எண்டால் பெரிய பொம்மையோ?"

"ஓம் பிள்ளை."

"அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டோ உங்கடை தம்பி படுத்தவர்?"

ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓம்" என்றேன்.

பிள்ளைகள் இன்னொரு முறை கேட்டார்கள். குரல் நடுங்காமல் படித்தேன்.